வேண்டாமென்று விட்ட கல்வி: ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் போளூர்ப் பகுதி வீடுகள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான் நிகழும். மேல்நிலை வகுப்பில் எந்தப் பிரிவில் சேர்ப்பது? கணிதத்தோடு உயிரியலும் அமைந்த பிரிவா, கணினி அமைந்த பிரிவா, வணிகவியலா? ஆரணிப் பட்டுக்குத் தறியோட்டும் தந்தையும், கடைவீதியில் சிறுவணிகம் செய்யும் தந்தையும் இதில் ஒரே நிலையினர்தாம். உயிரியலை இன்று விட்டுவிட்டால் மருத்துவத்தின் கதவு நாளை அடைபடுமோ என்பது ஓர் அச்சம். எடுத்துக்கொண்டாலோ, 2017 முதல் தமிழகத்திலும் நடைமுறைக்கு வந்துவிட்ட நீட் தேர்வு எதிரே நிற்கிறது. பிள்ளையைக் கேட்டால் மருத்துவமும் பிடிக்கும், வேறொன்றும் பிடிக்கும் என்கிறது. பதினைந்து வயதில் தன் உள்ளம் தனக்கே தெளியாதிருப்பது குற்றமன்று. ஆயினும் விண்ணப்பப் படிவம் தெளிவு வரும்வரை காத்திருப்பதில்லை.

இத்தகைய தடுமாற்றத்தோடு நம் துறைக்கு வந்து அறிவுரை கேட்கும் மாணவியர்க்கும் பெற்றோர்க்கும் நாம் எடுத்துச் சொல்லும் வாழ்வு ஒன்றுண்டு. அதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. போளூரிலிருந்து கண்ணமங்கலம் வழியே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் சென்றால் வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாயிலை மிதியாத குடும்பம் நம் பக்கத்தில் அரிது. அதை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் இளமையிலேயே மருத்துவராகக் கனவு கண்டவர் என்றே பலரும் எண்ணியிருக்கின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. மருத்துவம் தமக்கு வேண்டவே வேண்டாம் என்று உறுதி பூண்டிருந்த பெண் அவர்.

அம்மையார் 1870 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 9 ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்கடர், மருத்துவர். தாயார் சோபியா. ஐந்து ஆண்மக்களுக்குப் பின் பிறந்த கடைக்குட்டி ஐடா. பாட்டனார் பெயரும் ஜான் ஸ்கடரே. அவர் நியூயார்க்கில் நன்கு நடந்துவந்த மருத்துவத் தொழிலை விடுத்து 1819 இல் கப்பலேறி யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பணி தொடங்கியவர். பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். அவருடைய மக்கள் எழுவர் அவ்வழியே சமயப் பணிக்கு வந்தனர். 1853 இல் ஆர்க்காட்டு மிஷன் என்னும் அமைப்பு தோன்றியதும், 1866 இல் இராணிப்பேட்டையில் சைலஸ் ஸ்கடர் மருத்துவமனை கண்டதும் இக்குடும்பத்தின் வரலாற்றுள் அடங்கும். தலைமுறை தலைமுறையாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் அக்குடும்பத்திலிருந்து இப்பணிக்கு வந்தனர் என்பர்.

யாழ்ப்பாணம் என்றதும் தமிழ்த்துறையினராகிய நமக்கு மற்றொரு பெயர் நினைவுக்கு வருகிறது. அதே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் மறைந்தது 1884 இல். தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமா என்று இன்றும் வினவுவோர் அவ்வரலாற்றைப் படித்தல் நன்று. அதனை வேறொரு மலரில் விரித்துரைப்போம்.

ஐடாவின் குழந்தைப் பருவத்தில் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய அப்பஞ்சத்தின்போது வேலூரில் தம் வீட்டு வளாகத்தில் திரண்ட குழந்தைகட்கு ரொட்டித் துண்டுகளை ஊட்டும் பணி அச்சிறுமிக்குத் தரப்பட்டது. உண்ணும் வலிமையும் அற்றுக் கிடந்த பிள்ளைகளையும், சாலையோரத்துப் பிணங்களையும் ஆறேழு வயதில் கண்டவர் அவர். இக்காட்சியே அவரை மருத்துவத்துக்கு ஆற்றுப்படுத்தியது என்று எழுதினால் கட்டுரை அழகாக அமையும். நடந்ததோ வேறு. இந்த மண்ணை விட்டே ஓடிவிட வேண்டும் என்னும் எண்ணத்தைத்தான் அது அவர் உள்ளத்தில் விதைத்தது. வறுமையும் வெயிலும் நோயும் இடையறாத பிரிவும் மிகுந்த வாழ்வு தம் பெற்றோரோடு போகட்டும் என எண்ணினார்.

1878 இல் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகளில் தந்தையும், அவரைத் தொடர்ந்து தாயும் மீண்டும் இந்தியா வந்துவிட, ஐடா உறவினர் பொறுப்பில் விடப்பட்டார். தாய் புறப்பட்ட இரவில் அச்சிறுமி அழுத அழுகையை அவருடைய வரலாற்றை எழுதியோர் மறவாது குறித்துள்ளனர். பின்னர் மாசாசூசெட்சு மாநிலத்து நார்த்பீல்டு என்னும் ஊரில் டுவைட் மூடி நிறுவிய பெண்கள் கல்விக்கூடத்தில் பயின்றார். அங்கு அவர் பயின்றது பொதுக் கல்வி. மருத்துவத்துக்கென எதையும் அவர் திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்கும் எண்ணமே அவர்க்கில்லை. கலகலப்பான மாணவியாகவும், குறும்பில் முன்னிற்பவராகவும் இருந்தார். அமெரிக்காவிலேயே தங்கி, மணம் புரிந்து, வசதியாக வாழ்வது அவர் கண்ட கனவு. ஸ்கடர் என்னும் பெயரைக் கேட்டதும் நீயும் இந்தியாவுக்குத்தானே என்று பிறர் வினவுவது அவர்க்கு எரிச்சலூட்டியது.

இதில் நாம் அவரைக் குறை காண்பதற்கில்லை. குழித்தறியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அப்பாவும் பாட்டனும் உட்கார்ந்த குழியில் தானும் இறங்கமாட்டேன் என்று சொல்வதில்லையா? மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கும் அவ்வுரிமை உண்டு. குலத்தொழில் என்பதற்காகவே ஒன்றைக் கொள்வதும், குலத்தொழில் என்பதற்காகவே ஒன்றைத் தள்ளுவதும் ஒரு நிறையுடையனவே. ஐடா அன்று செய்தது இரண்டாவது. மருத்துவம் என்னவென்று ஆராய்ந்து அவர் மறுக்கவில்லை. வீட்டின் சுமையைத்தான் மறுத்தார்.

1890 இல் தாயார் நோயுற்றார் என்று செய்தி வந்தது. பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தனர். தாய்க்குத் துணையாகச் சிறிது காலம் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணத்துடனேயே ஐடா கடல் கடந்து வந்தார். வந்த இடத்தில் தாயைப் பேணியதோடு மிஷன் பெண்கள் பள்ளியின் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது. இவ்வாறிருக்கையில்தான் அந்த இரவு வந்தது.

இரவு விளக்கொளியில் அவர் அமர்ந்திருந்தபோது அந்தண இளைஞர் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். அவருடைய இளம் மனைவி மகப்பேற்று நோவில் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவச்சிகள் கைவிட்டுவிட்டனர். ஐடா வந்து காக்க வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். தமக்கு மருத்துவம் தெரியாது, மருத்துவர் என் தந்தையார் என்று சொல்லி ஐடா அவரை அழைத்துச் செல்லுமாறு கூறினார். அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொடுவதைக் காட்டிலும் அவள் இறப்பதே மேல் என்று கருதி அவ்விளைஞர் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் மீண்டும் காலடி ஓசை. இம்முறை வந்தவர் ஒரு முஸ்லிம். அவர் மனைவிக்கும் அதே நிலை. அதே வேண்டுகோள், அதே விடை, அதே மறுப்பு. மூன்றாவதாக உயர்குலத்து இந்து ஒருவர் வந்தார். அவரும் அவ்வாறே சென்றார். ஒரே ஊரில் ஒரே இரவில் மூன்று வீடுகள்.

அவ்விரவு ஐடா உறங்கவில்லை. விடிந்ததும் சாவுப் பறை கேட்டது. பணியாளரை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் மாண்டுவிட்டனர் என்று தெரிந்தது. தம் அறையினுள் சென்று கதவை அடைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். வெளிவந்து, அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று இந்நாட்டுப் பெண்களுக்குப் பணிசெய்யத் திரும்புவேன் என்று பெற்றோரிடம் தெரிவித்தார்.

இந்நிகழ்வைப் பலரும் எடுத்துரைப்பர். நம் சமுதாயத்துப் பெரியோர் அவையில் இதனைச் சொல்லும்போது நடுவில் வந்த அம்மனிதரைப் பற்றி ஓரிரு சொல் கூறாமல் கடந்துபோக நம்மால் இயலவில்லை. அவர் கொடியவர் அல்லர். நள்ளிரவில் அயலவர் வீட்டுக் கதவைத் தட்டி மனைவியின் உயிருக்காக மன்றாடியவர். அவரைத் தடுத்தது எது? மார்க்கம் என்று அவர் எண்ணியிருப்பார். ஆனால் உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் மாற்றுப் பால் மருத்துவரிடம் காட்டுவதை ஷரீஅத் தடுக்கவில்லை என்பதை ஆலிம்கள் நன்கறிவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து மதீனாவில் ருஃபைதா (ரலி) என்னும் அம்மையார் பள்ளிவாசலை ஒட்டிக் கூடாரம் அமைத்துக் காயமுற்றோர்க்குப் பணி செய்தார். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அக்கூடாரத்திற்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். அத்தகைய மரபினர் வீட்டில் ஒரு பெண் மருத்துவரின்றி மாண்டாள் எனில், குறை மார்க்கத்தினது அன்று, வழக்கத்தினது. அதனினும் மேலாக, பெண்ணுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கருதிய அதே சமுதாயம் தன் பெண்களில் ஒருத்தியையும் மருத்துவம் பயில அனுப்பவில்லையே, அதனினது.

பெண் மருத்துவமே அன்று நாட்டில் இல்லாமலில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரி 1875 லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவ்வாறு பயின்ற மேரி ஷார்லீபின் முயற்சியால் 1885 இல் சென்னையில் கோஷாப் பெண்களுக்கென மருத்துவமனை ஒன்று தோன்றியது. திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று மூத்தோர் இன்றும் வழங்குவது அதனையே. ஆனால் திண்டிவனத்தில் நள்ளிரவு நோவுற்றவளுக்குச் சென்னை எட்டாத தொலைவு.

இனி, நம் மாணவியர் கூர்ந்து நோக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். முடிவெடுத்த மறுநாளே அம்மையார் மருத்துவக் கல்லூரியில் நுழைந்துவிடவில்லை. தாயாரின் உடல்நிலை, பள்ளிப் பொறுப்பு முதலியவற்றால் சில ஆண்டுகள் இங்கேயே கழிந்தன. 1895 இல்தான் பிலடெல்பியா நகரிலிருந்த பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. முடிவு செய்யாதிருந்த காலத்துக்கு அவர் கொடுத்த விலை அவ்வாண்டுகள். ஆயின் அவை வீணாயினவா? நாம் அவ்வாறு கருதவில்லை. திண்டிவனத்துப் பள்ளியிலும் சுற்றுவட்டாரத்திலும் அவர் நாள்தோறும் பெண்களோடும் சிறுமியரோடும் தமிழில் பேசிப் பழகினார். குழந்தையாய் அறிந்திருந்த மொழி, வளர்ந்த பின் வாழ்வின் மொழியாயிற்று. வலி எங்கே, எத்தனை நாளாக, என்ன உண்டாய், முன்பு பிள்ளை பெற்றாயா என்று கேட்டு, நாணத்தோடு வரும் அரைகுறை விடையிலிருந்து நோயை உய்த்துணர்வது மருத்துவத்தின் முதற்படி. அமெரிக்கக் கல்லூரி எதுவும் அதனைத் தமிழில் கற்றுத்தந்திராது. மருத்துவம் பயில விரும்புவோர்க்குத் தமிழ்ப்பாடம் எதற்கு என்று கேட்போர்க்கு நாம் இதனையே விடையாகத் தருவது வழக்கம். தமிழாசிரியர்கள் வேறென்ன சொல்வார்கள் என்று சிலர் நகைப்பதும் உண்டு.

அம்மையார் சேர்ந்த பிலடெல்பியாக் கல்லூரி நமக்கு அயலானதன்று. 1850 இல் தோன்றிய அக்கல்லூரியில்தான் மராட்டியப் பெண்மணி ஆனந்திபாய் ஜோஷி பயின்று 1886 இல் பட்டம் பெற்றார். தம் குழந்தை உரிய மருத்துவமின்றி இறந்த துயரே அவரை அங்குக் கொண்டு சென்றது. நாடு திரும்பி 1887 இல், பணி தொடங்கும் முன்னரே, இருபத்தொரு வயதில் காசநோய்க்கு இரையானார். வேறுபட்ட இரு பெண்கள் ஒத்த காரணத்தால் ஒரே கல்லூரி வாயிலை அடைந்தது எண்ணிப்பார்க்கத் தக்கது.

மூன்றாண்டுகள் அங்குப் பயின்றபின் ஐடா ஒரு துணிவான செயல் செய்தார். 1898 இல் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகம் மருத்துவக் கல்லூரி தொடங்கிப் பெண்களுக்கும் இடம் தந்தது. ஆடவரும் மகளிரும் ஒருங்கே பயிலும் அக்கல்லூரியின் பட்டத்துக்கு மதிப்பு மிகுதி. பழகிய இடத்தையும் தோழியரையும் விடுத்து இறுதியாண்டைக் கழிக்க அங்கே சென்றார். 1899 இல் அதன் முதல் அணியினருள் ஒருவராகப் பட்டம் பெற்றார். பாதி வழியில் கல்லூரி மாறுவதைத் தடுமாற்றத்தின் அடையாளமாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். செல்ல வேண்டிய இடம் தெளிவாகத் தெரிந்தவர்க்கு அது திட்டத்தின் ஒரு பகுதியாகவும் அமையலாம் என்பதற்கு இது சான்று.

தாயகம் விட்டு வருமுன் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை கட்ட நிதி திரட்டும் பொறுப்பும் அவர்க்கு வந்தது. ஷெல் என்னும் வங்கியாளர் தம் மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். 1900 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தோழி ஆனி ஹான்காக்குடன் ஐடா வேலூரை அடைந்தார். தந்தையாரின் கீழ் அனுபவம் பெறலாம் என்று அவர் எண்ணியிருக்க, அவ்வாண்டிலேயே தந்தையார் மறைந்தார். பட்டம் மட்டும் கையிலிருக்க, துணை நிற்பாரின்றித் தனித்தார். தொடக்கத்தில் நோயாளிகள் எளிதில் வரவில்லை. ஆனி ஹான்காக் வீடு வீடாகச் சென்று, கோஷா முறை பேணிய இல்லங்களிலும் பெண்களோடு பழகி நம்பிக்கையூட்டினார். சிறிய அறையொன்றில் தொடங்கிய மருந்தகத்தில் இரண்டாண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தார். 1902 இல் நாற்பது படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. வர இயலாதோரை நாடிக் குடியாத்தம் சாலையில் மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் சென்று, மரநிழல்களில் நிறுத்தி மருந்தளித்த சாலையோர மருத்துவம் அவர் கண்ட புதுமை. 1909 இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. இவையெல்லாம் பலரும் அறிந்தவை.

நாம் நின்று நோக்க விரும்புவது 1918 ஆம் ஆண்டை. தாம் ஒருவரே எத்தனை வீட்டுக்குச் செல்வது? திண்டிவனத்தின் மூன்று வீடுகள் மாகாணம் முழுவதும் இருந்தன. ஆகவே இந்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்கும் பள்ளியைத் தொடங்கத் துணிந்தார். மாகாண மருத்துவத் துறையின் தலைமை அலுவலர் இசைவளித்தபோதும், மூன்று பேர் விண்ணப்பித்தாலே பெரிது என்னும் ஐயத்தோடுதான் அளித்தார். ஆனால் விண்ணப்பங்கள் குவிந்தன. இடமின்றிப் பலரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. ஆகஸ்டுத் திங்களில் வகுப்புத் தொடங்கியது. வாடகைக் கட்டடம், ஓர் எலும்புக்கூடும் சில நூல்களும். உடற்கூற்றியலை அம்மையாரே கற்பித்தார்.

இங்கு அவர் வகுத்த பாடத்திட்டத்தைக் கருதுக. அன்று மருத்துவப் பட்டம் பெறப் பல்கலைக்கழகத்தின் இன்டர்மீடியட் கல்வி முதலில் வேண்டும். அந்தப் படியை எட்டிய பெண்கள் மிகச் சிலரே. ஆகவே பள்ளியிறுதியளவில் சேர்ந்து நான்காண்டு பயிலும் எல்.எம்.பி. என்னும் சான்றிதழ்க் கல்வியை அவர் தேர்ந்தார். பட்டத்தைவிடத் தாழ்ந்தது என்று ஏளனம் செய்தோரும் இருந்தனர். ஆனால் வகுப்பறையில் எத்தகைய பெண் வந்து அமர இயலும் என்று பார்த்து அவள் நிற்கும் படியிலேயே வாயிலை அமைத்தார் அம்மையார். முதலாண்டுத் தேர்வில் மாகாணத்து ஆடவர் பள்ளிகளின் மாணவர் பெரும்பாலோர் தவற, இவர் அனுப்பிய பெண்கள் அனைவரும் தேறினர். 1922 இல் பதினான்கு பேர் பயிற்சி முடித்து மருத்துவராக வெளிவந்தனர். கார்னெல் பட்டத்துக்காக ஓராண்டு இடம்பெயர்ந்தவரே, தம் மாணவியர்க்குப் பட்டமில்லாக் கல்வியை வகுத்தார் என்பது முரணாகத் தோன்றலாம். தமக்கு எது வேண்டும் என்பதும், தம் எதிரே நிற்பவளால் எது இயலும் என்பதும் வேறு வேறு வினாக்கள் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அதே காலத்தில், 1919 இல், வாணியம்பாடியில் முஸ்லிம் கல்விச் சங்கத்தார் இஸ்லாமியாக் கல்லூரியைத் தொடங்கினர். தோல் வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்த அப்பெரியோரின் தொண்டு மறக்கற்பாலதன்று. வடார்க்காட்டின் இரு முனைகளில் ஓராண்டு இடைவெளியில் இரு கல்விச் சாலைகள். ஒன்று நம் ஆண்மக்களுக்கு வழி திறந்தது. மற்றொன்றில் நம் பெண்மக்கள் அன்று எத்தனை பேர் சென்று சேர்ந்திருக்கலாம் என்னும் எண்ணம் மனத்தை உறுத்தாமலில்லை.

அம்மையார் வகுத்த அப்பாடத்திட்டமே பின்னாளில் அவர் பள்ளிக்கு இடராய் முடிந்தது. 1938 இல் சென்னை மாகாண அரசு, சான்றிதழ் அளவிலான மருத்துவக் கல்வியை நிறுத்திவிடுவதென்றும், இனி எம்.பி.பி.எஸ். பட்டமே தகுதி என்றும் முடிவு செய்தது. மருத்துவத்தின் தரம் உயர வேண்டும் என்னும் நோக்கில் அம்முடிவு பிழையானதன்று. ஆனால் இருபதாண்டு உழைப்பு மூடப்படும் நிலை. மேலும் பேராசிரியர்கள், மேலும் படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள் அனைத்தும் தேவை. அவற்றுக்கெல்லாம் பெரும்பொருள் தேவை. எழுபதைக் கடந்த வயதில், உலகப்போர் மூண்டிருந்த 1941 இல், அம்மையார் அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1942 இல் எம்.பி.பி.எஸ். வகுப்புத் தொடங்கியது. பல சபைகளின் கூட்டுறவு வேண்டியிருந்ததால், பெண்களுக்கு மட்டுமேயாக இருந்த நிலையையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1947 இல் ஆண் மாணவர் சேர்க்கப்பட்டனர். பெண்களுக்கென்றே கொடுத்த பொருள் ஆண்களுக்குச் செல்வதா என்று பழைய ஆதரவாளர்கள் சிலர் மனம் வருந்தினர். அவர்கள் வருத்தத்திலும் நியாயம் இருந்தது. பெண்கள் கல்லூரியாகவே நின்றிருந்தால் நம் சமுதாயத்துப் பெண்கள் மேலும் துணிந்து சென்றிருப்பர் என வாதிடுவோர் உண்டு. கல்லூரியே இல்லாது போயிருக்கும் என மறுப்போரும் உண்டு. நாம் பின்னவர் பக்கமே சாய்கிறோம்.

இவ்வாழ்வை அறிந்தபின் நம்மிடம் வரும் மாணவியர் வழக்கமாகக் கேட்பது ஒன்றே. அப்படியானால் முடிவு தெரியாதபோது எந்தப் பாடத்தை எடுப்பது? ஐடாவின் காலத்தில் பொதுக் கல்வி பயின்றவர் பின்னர் மருத்துவம் புக வழி இருந்தது. இன்று வழி குறுகல். ஆகவே ஐயமுடையோர் கணிதத்தோடு உயிரியலும் அமைந்த பிரிவை எடுத்துக்கொள்வது தக்கது என்பதே நம் கருத்து. இரு பக்கமும் செல்லும் சாலை அது. சுமை சற்று மிகுதி. உயிரியலை விட்டுவிட்டவரும் மனமுடைய வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின்னர் முறையான வாரியத்தின் வழியே அதனைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியோரும் நீட் தேர்வுக்கு அமரலாம் எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 இல் அறிவித்துள்ளது. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2020 முதல் தமிழகத்தில் மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு என்பதைப் போளூர் வட்டத்துப் பெற்றோர் சிலர் இன்னும் அறியாதிருப்பது வியப்பளிக்கிறது. மருத்துவர் ஆவது ஒன்றே மருத்துவப் பணி என்று கருதுவதும் வேண்டா. அம்மையார் மருத்துவப் பள்ளி தொடங்குவதற்கு ஒன்பதாண்டு முன்னரே செவிலியர் பள்ளியைத் தொடங்கிவிட்டார். 1946 இல் அது பட்டப்படிப்பாக உயர்ந்தபோது நாட்டிலேயே அத்தகைய படிப்பைத் தொடங்கிய முதல் நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. முதலில் ஒரு மாதம் அரசு மருத்துவமனையின் மகப்பேற்றுப் பகுதியில் உறவினர்க்குத் துணையாக இருந்து பார்த்துவருமாறு மாணவியர் சிலரிடம் நாம் சொல்வதுண்டு. குருதியைக் கண்டு அஞ்சித் திரும்பியவளும் உண்டு. அதுவரை வணிகவியல் என்றிருந்து, திரும்பி வந்து உயிரியல் கேட்டவளும் உண்டு.

1946 இல் அம்மையார் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். அவர்க்குப்பின் தலைமை ஏற்றவர் இந்தியப் பெண்மணியான மருத்துவர் ஹில்டா லாசரஸ். ஓய்வுக்காலத்தைக் கோடைக்கானலில் கழித்த அம்மையார் முதுமையிலும் டென்னிஸ் ஆடுவதை விடவில்லை. டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரியிட்ட மடல் அவரைத் தவறாது சென்றடைந்தது என்பர். மணம் செய்துகொள்ளவில்லை. 1960 ஆம் ஆண்டு மேத்திங்களில், எண்பத்தொன்பதாம் வயதில், கோடைக்கானலில் மறைந்தார். செய்தி வேலூரை எட்டியபோது கடைகள் அடைக்கப்பட்டன. சமய வேறுபாடின்றி மக்கள் திரண்டனர். அவ்வாண்டும் வழக்கம்போல் மருத்துவக் கல்லூரிக்கு மாணவியர் தேர்வு நடைபெற்றது.